‘எல்லாம் பொய்’ என்று சொல்லும் அத்தாமார்களுக்கு



நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊர்களில், நான் அறிந்த மக்தப் பிள்ளைகளில் சிலர் ஜப்பானிய மல்யுத்தத்தின் தீவிர இரசிகர்களாக இருக்கிறார்கள். ஒகாடா, நைட்டோ, இபுஷி என்று அவர்கள் பெயர்களை அடுக்கும் வேகத்தைக் கண்டால், அம்ம ஜுஸ்உவின் சூராக்களை இதே வேகத்தில் ஒப்பிக்க மாட்டார்களா என்று ஓர் உஸ்தாதுக்கு ஏக்கம் வராமல் இராது. நம் வயதினருக்கும் இது முற்றிலும் அந்நியமான சங்கதி அன்று. அமெரிக்க மல்யுத்தம் தொலைக்காட்சியில் வந்த காலத்தில், மல்லர்களின் உயரமும் எடையும் அச்சிட்ட சீட்டுக்கட்டுகளை வைத்துத் திண்ணைகளில் விளையாடிய தலைமுறைதான் நாம். நமக்கு முந்திய தலைமுறைக்குத் தாரா சிங்கும் கிங் காங்கும். அந்த இருவரும்கூட 1955இல் ஜப்பானுக்குச் சென்று கோதாவில் இறங்கியவர்களே.

பிள்ளைகள் இதைப் பார்ப்பதைக் கண்டதும் நம் அத்தாமார்கள் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: “எல்லாம் பொய்டா. யார் ஜெயிப்பான் என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பான். இதைப் போய்ப் பார்க்கிறாயே!” பள்ளிவாசல் மிம்பரிலிருந்தும் இதே பதிலைக் கேட்டிருக்கிறேன். இந்தப் பதிலைத்தான் நான் எதிர்க்கிறேன். இது பிள்ளையைத் திருத்தாது. அதைவிட மோசம், உண்மையில் கவலைப்பட வேண்டிய விஷயத்தின் மேல் இது ஒரு போர்வையைப் போட்டு மூடிவிடுகிறது.

முதலில், அவர்கள் பார்ப்பது இன்னதென்று தெரிந்துகொள்வோம். ஜப்பானில் ‘நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங்’ என்னும் நிறுவனம் உண்டு. 1972இல் அன்டோனியோ இனோக்கி தொடங்கியது. அந்த நிறுவனம் 1991 முதல் ஆண்டுதோறும் ‘ஜி1 கிளைமாக்ஸ்’ என்ற லீக் தொடரை நடத்திவருகிறது. பெரும்பாலும் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். ஏறத்தாழ நம்மூர் ஆடி மாதக் கணக்கு. 2017ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால், 20 மல்லர்கள் இரண்டு பிரிவு. ஒவ்வொருவரும் தம் பிரிவில் உள்ள மற்ற ஒன்பது பேருடனும் மோத வேண்டும். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி. இரு பிரிவிலும் முதலில் வருபவர்கள் இறுதியில் மோதுவார்கள். நான்கு வாரங்களுக்குள் ஒரு மனிதன் ஒன்பது முறை தனியாகக் கோதாவில் இறங்கி, ஒவ்வொரு முறையும் கால் மணியோ அரை மணியோ அடிபட்டு விழுந்து எழ வேண்டும். நடுநடுவே ஊர்விட்டு ஊர் பயணமும் உண்டு. பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புள்ளிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். கணக்குப் பாடத்தில் காட்டாத பொறுமை அது!

ஜப்பானில் மாலை ஆறரை மணி என்றால் நமக்குப் பிற்பகல் மூன்று மணி. ஆகவே நிகழ்ச்சி நமக்கு அஸருக்குச் சற்று முன்னதாகத் தொடங்குகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து கைப்பேசியைத் திறந்தால், கடைசி இரண்டு போட்டிகள், அதாவது அன்றைய நாளின் மிகப் பெரிய போட்டிகள், சரியாக மக்தப் நேரத்தில் நடந்துகொண்டிருக்கும். அஸர் ஜமாஅத்தும் ஓதலும் இதனால் தவறுவதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. தொழுகையைத் தவறவிட வைப்பது கிரிக்கெட்டானாலும் கல்யாண வீட்டு அரட்டையானாலும் கண்டிக்கத்தக்கதே. அதற்கு ஜப்பான்வரை போக வேண்டியதில்லை.

இப்போது ‘பொய்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் அது உங்கள் பிள்ளைக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட இதை அறிந்துதான் பார்க்கிறான். அவன் பார்ப்பது யார் ஜெயிப்பார் என்ற சூதாட்டத்தை அன்று. அந்த வெற்றி எப்படிக் கொண்டுவரப்படுகிறது, அதற்கு இருவரும் எவ்வளவு தாங்குகிறார்கள் என்பதைத்தான். எனவே நீங்கள் ‘பொய்’ என்று சொன்ன கணத்திலேயே, அத்தாவுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவன் முடிவு கட்டிவிடுகிறான். அடுத்து நீங்கள் எவ்வளவு சரியானதைச் சொன்னாலும் அது அவன் காதில் ஏறாது. அறியாமல் தீர்ப்புச் சொல்பவரின் தீர்ப்பை யார்தான் மதிப்பார்?

முடிவு மட்டுமே பேசி வைத்தது. விழுவது உண்மை. அடி உண்மை. இதை விளக்கத்தான் இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

மிட்சுஹாரு மிசாவா என்றொரு மல்லர். 1990களில் ‘ஆல் ஜப்பான்’ நிறுவனத்தின் நட்சத்திரம்; பின்னர் 2000இல் ‘நோவா’ என்ற சொந்த நிறுவனத்தைத் தொடங்கியவர். அந்தக் காலத்து ஆல் ஜப்பான் போட்டிகளைத்தான் உலகெங்கும் உள்ள இரசிகர்கள் இக்கலையின் சிகரம் என்று கொண்டாடுகிறார்கள். சிகரம் என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள்? எதிராளியை இடுப்பில் பிடித்துத் தூக்கிப் பின்புறமாக வளைந்து, அவருடைய தலையும் பிடரியும் தரையில் மோதும்படி வீழ்த்துவதை. முதலில் ஒரு முறை வீழ்த்தினால் ஆட்டம் முடிந்தது. கூட்டம் அதற்குப் பழகியபின் இரண்டு முறை தேவைப்பட்டது. பிறகு மூன்று. பிறகு கோதாவின் விளிம்பிலிருந்து வெளியே. இப்படி ஆண்டுக்கணக்கில் பிடரியில் விழுந்து எழுந்த மிசாவா, 2009 ஜூன் 13 அன்று ஹிரோஷிமாவில் நடந்த ஒரு போட்டியில், தம் வாழ்நாளில் கணக்கற்ற முறை வாங்கிய சாதாரணமான ஒரு வீழ்த்தலை வாங்கினார். எழவில்லை. கழுத்துத் தண்டுவடம் சேதமுற்று அன்றிரவே இறந்தார். வயது 46.

யோஷிஹிரோ தகயாமா, ஆறடிக்கு மேல் உயர்ந்த மனிதர். 2017 மே மாதம் ஒரு போட்டியில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டுத் தோளுக்குக் கீழே செயலிழந்தார். அதே ஆண்டு ஏப்ரல் 9 அன்று டோக்கியோவின் ரியோகோகு அரங்கில் கட்சுயோரி ஷிபாடா, ஒகாடாவின் நெற்றியைத் தம் நெற்றியால் ஓங்கி மோதினார். கையால் தடுத்துப் பாவனை செய்யும் மோதல் அன்று, எலும்போடு எலும்பு. அந்தச் சத்தம் அரங்கம் முழுவதும் கேட்டது. ஷிபாடாவின் நெற்றியிலிருந்து இரத்தம் வழிந்தது. போட்டியை முடித்துவிட்டு உள்ளே சென்றவர் அங்கே சரிந்தார். மூளை உறைக்கு அடியில் இரத்தம் கசிந்திருந்தது. அவசர அறுவைச் சிகிச்சை செய்து உயிரைக் காப்பாற்றினார்கள். அந்தப் போட்டியை இன்றும் இரசிகர்கள் அந்த ஆண்டின் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்கிறார்கள். மறு ஆண்டு ஜூலையில் ஹிரோமு தகஹாஷி என்ற இளைஞருக்குக் கழுத்து முறிந்தது; போட்டி நடந்தது அமெரிக்காவில் என்றாலும் அவர் அப்போது நியூ ஜப்பான் நிறுவனத்தின் வீரர். மீண்டும் கோதாவுக்கு வர அவருக்கு ஓராண்டுக்கும் மேல் பிடித்தது.

அத்தாமார்களே, இதில் எது பொய்?

இந்தத் தொழிலைப் பற்றி ஒரு நல்ல சொல்லும் சொல்லியாக வேண்டும்; நீதி அதுதான். முடிவைப் பேசி வைத்துக்கொண்டு மோதும் இருவரும் உண்மையில் தம் கழுத்தை ஒருவர் கையில் மற்றவர் அமானிதமாக ஒப்படைக்கிறார்கள். தூக்குபவர் தம்மைப் பத்திரமாக இறக்குவார் என்ற நம்பிக்கையில்தான் விழுபவர் விழுகிறார். இந்த நம்பிக்கை மீறப்பட்டதும் உண்டு. 1954 டிசம்பரில், ஜப்பானிய மல்யுத்தத்தின் தந்தை எனப்படும் ரிக்கிடோசானும் ஜூடோ மேதை கிமுராவும் மோதினார்கள். சமநிலையில் முடிப்பதாகத்தான் பேச்சு என்று கிமுரா பின்னாளில் சொன்னார். ஆனால் நடுவில் ரிக்கிடோசான் மெய்யாகவே அடித்து அவரை வீழ்த்திவிட்டார். மல்லர்கள் இதை வாக்குமீறலாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆக, ‘பேசி வைத்தது’ என்று நாம் இளக்காரமாகச் சொல்லும் அதே பேச்சுதான் அவர்கள் உயிரைக் காக்கும் வேலி. வேலியைப் பார்த்துச் சிரிக்கும் நாம், வேலிக்கு உள்ளே கல்லெறிபவர் யார் என்று கேட்பதில்லை.

யார்? இரசிகர்தான். மல்லர் ஏன் இரண்டு முறை விழுந்தவர் மூன்று முறை விழுந்தார்? கூட்டம் கேட்டது. இதை அளக்க ஒரு கோலும் உண்டு. டேவ் மெல்ட்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் போட்டிகளுக்கு நட்சத்திரம் வழங்குகிறார். ஐந்து நட்சத்திரம் என்பதே பொதுவாக உச்சமாக இருந்தது. 2017 ஜனவரி 4 அன்று டோக்கியோ டோமில் ஒகாடாவும் கென்னி ஒமேகாவும் 46 நிமிடம் மோதியதற்கு ஆறு நட்சத்திரம் கொடுத்தார். 2018 ஜூன் 9 அன்று ஒசாகாவில் அதே இருவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மோதினார்கள்; ஏழு. நம் பிள்ளைகள் இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ‘இது நாலரைதான் ஹழ்ரத், கொஞ்சம் சுமார்’ என்று ஒரு பிள்ளை என்னிடம் சொன்னான். அந்த ‘சுமார்’ போட்டியில் விழுந்தவருடைய முதுகைப் பற்றி அவனுக்கு ஒரு நினைவும் இல்லை. கெட்ட பிள்ளை அல்லன் அவன். வீட்டில் பூனைக்குட்டிக்கு அடிபட்டால் அழுகிறவன். நட்சத்திரம் எண்ணப் பழகிய கண்ணுக்கு மனிதன் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

சரி, மார்க்கம் என்ன சொல்கிறது? ‘மல்யுத்தமே ஹராம்’ என்று ஒரே வெட்டாக வெட்டிவிட முடியாது. நபி (ஸல்) அவர்கள் ருகானா என்ற மல்லரோடு மற்போர் செய்து அவரை வீழ்த்தியதாக அபூதாவூதிலும் திர்மிதீயிலும் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடரில் இமாம் திர்மிதீயே குறை குறித்திருக்கிறார். வேறு வழிகளையும் சேர்த்து அதை ஏற்ற அறிஞர்களும் இருக்கிறார்கள். உஹதுப் போருக்குப் புறப்படும் வேளையில், வயது போதாதென்று திருப்பி அனுப்பப்பட்ட ஸமுரா (ரலி), ராஃபிஉ (ரலி) அவர்களை மற்போரில் வீழ்த்திக் காட்டிப் படையில் இடம்பெற்றதைச் சீரா நூல்கள் கூறுகின்றன. அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் பின்னே நின்று பார்த்தது புகாரியில் உள்ளது. பார்ப்பதும் கூடும், விளையாடுவதும் கூடும். எதிலே? யாரும் யாரையும் சிதைக்காத விளையாட்டில்.

எல்லை எங்கே என்பதற்கும் வழிகாட்டல் உண்டு. சண்டையிடும்போது முகத்தைத் தவிர்க்கும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. தனக்கும் தீங்கு கூடாது, பிறர்க்கும் தீங்கு கூடாது என்ற அடிப்படை இப்னு மாஜாவில் வருகிறது. இவற்றின் மேல் நின்றுதான் 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் பேரவை குத்துச்சண்டை, மல்யுத்தம், காளைச்சண்டை மூன்றையும் பற்றித் தீர்ப்பு வெளியிட்டது. அதில் மல்யுத்தத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒருவரையொருவர் காயப்படுத்துவதை ஆகுமாக்கிக்கொண்டு செய்யும் கட்டற்ற மல்யுத்தம் கூடாது. உடற்பயிற்சிக்காகத் தீங்கின்றிச் செய்யும் மல்யுத்தம் கூடும். கவனியுங்கள்: அந்த அறிஞர்கள் ‘இது பொய், நடிப்பு’ என்பதை ஒரு காரணமாக எடுக்கவில்லை. தீங்கைத்தான் எடுத்தார்கள். நம் அத்தாமார்கள் ஏன் அவர்கள் எடுக்காத காரணத்தைப் பிடித்துக்கொண்டு, எடுத்த காரணத்தை விட்டுவிடுகிறார்கள்?

‘அவர்கள் இருவரும் சம்மதித்துத்தானே அடித்துக்கொள்கிறார்கள் ஹழ்ரத்?’ என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. உடல் நமக்குச் சொந்தம் என்று வைத்துக்கொண்டால் அவர் சொல்வது சரி. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்றால், அதை உடைக்க அனுமதி கொடுக்கும் உரிமை நமக்கே இல்லை; இல்லாத உரிமையை எப்படி இன்னொருவருக்குக் கொடுப்பது?

அதே மாணவருக்கு நான் நம் ஷாஃபிஈ மத்ஹபின் பிற்கால நூல்களில் உள்ள ஒரு நுட்பத்தையும் எடுத்துக் காட்டினேன். கயிற்றில் நடத்தல், பாம்பு பிடித்தல் போன்ற ஆபத்தான வித்தைகளைப் பற்றி அந்த இமாம்கள் யோசித்திருக்கிறார்கள். தேர்ந்தவர் செய்ய வேண்டும், அவர் தப்பிவிடுவார் என்பதே மிகைத்த எதிர்பார்ப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் செய்வதும் கூடும், பார்ப்பதும் கூடும் என்றார்கள். ஹராமான ஒன்றை வேடிக்கை பார்ப்பதும் ஹராம் என்பதையும் அவர்களே எழுதினார்கள். எவ்வளவு நியாயமான தராசு! பயிற்சி பெற்ற இருவர் பஞ்சு மெத்தை போன்ற தளத்தில், தலையையும் முகத்தையும் விட்டுவிட்டு, மறைக்க வேண்டியதை மறைத்துக்கொண்டு செய்யும் மற்போரை இந்தத் தராசு தள்ளாது. கழுத்து முறிவதற்கு எவ்வளவு அருகில் போகிறார்கள் என்பதற்குத்தான் நட்சத்திரம் என்று ஆகிவிட்ட ஆட்டத்தை இது ஏற்காது. இரசிகர் கேட்கக் கேட்க, ‘தப்பிவிடுவார்’ என்ற எதிர்பார்ப்பு தேய்ந்துகொண்டே போகிறது. பார்ப்பவருடைய பொறுப்பு இங்கேதான் வருகிறது.

பொய் என்று ஒன்றைச் சொல்லியே தீர வேண்டுமானால், நமக்கு வலிக்க வேண்டிய பொய் வேறு ஒன்று இருக்கிறது. 1977 டிசம்பர் 15 அன்று டோக்கியோவின் குராமே அரங்கில், ஆல் ஜப்பான் நடத்திய இரட்டையர் தொடரின் கடைசி நாள் போட்டி. ஒரு பக்கம் அமெரிக்காவின் ஃபங்க் சகோதரர்கள். மறுபக்கம் ‘ஷேக்’, ‘அப்துல்லாஹ் த புட்சர்’. ‘ஷேக்’ என்பவர் மிச்சிகனில் லெபனான் வம்சாவளிக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவர். கோதாவில் தொழுகை விரிப்பை விரித்து, மண்டியிட்டு, தொழுவதுபோல் நடித்துவிட்டு எழுந்து எதிராளியின் முகத்தில் தீயை எறிவது அவர் வழக்கம். ‘அப்துல்லாஹ்’ என்பவர் கனடாவின் வின்ட்சரில் பிறந்தவர். இயற்பெயர் லாரன்ஸ் ஷ்ரீவ். சூடானிலிருந்து வந்தவராக விளம்பரம். அன்று அவர் ஒரு முள்கரண்டியால் டெரி ஃபங்கின் கையைக் குத்திக் கிழித்தார். அரங்கம் கதறியது. ஜப்பானிய மல்யுத்த வரலாற்றில் மறக்க முடியாத தொடர்ப் போட்டி என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அல்லாஹ்வின் அடிமை என்று பொருள்படும் பெயர். அல்லாஹ்வுக்கு மிகவும் விருப்பமான பெயர் என்று முஸ்லிமில் வரும் பெயர். அந்தப் பெயரைக் கசாப்புக்காரன் என்ற பட்டத்தோடு ஒட்டி, நுழைவுச்சீட்டு விற்றார்கள்.

அந்த மனிதரின் இரத்தமும் சாயம் அன்று. 2014இல் கனடாவின் ஒன்டாரியோ நீதிமன்றம், தம்மை வெட்டிக்கொண்ட அதே பிளேடால் எதிராளியையும் வெட்டியதால் அவருக்கு ஹெபடைடிஸ் சி தொற்றியது என்ற வழக்கில், 23 இலட்சம் கனடிய டாலர் இழப்பீடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. இந்தப் பழைய போட்டிகளின் துண்டுக் காணொளிகள் இன்றும் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வருகின்றன. அப்துல்லாஹ் என்ற பெயருடைய ஒரு பிள்ளையை அவன் நண்பர்கள் ‘புட்சர்’ என்று கூப்பிடுவதை என் காதால் கேட்டேன். கூப்பிடுகிறவர்களும் நம் பிள்ளைகளே.

இதற்கு மறுமொழியாகச் சிலர் இனோக்கியைக் கொண்டுவருவார்கள். ‘அவரே இஸ்லாத்தை ஏற்றவர்தானே’ என்பார்கள். ஆம், 1990இல் இராக்கில் பிடித்து வைக்கப்பட்டிருந்த ஜப்பானியரை விடுவிக்கச் சென்றபோது கர்பலாவில் இஸ்லாத்தை ஏற்று முஹம்மது ஹுசைன் என்ற பெயரைப் பெற்றதாக அவரே பின்னாளில் சொன்னார். கைதிகளுக்காக அவர் எடுத்த முயற்சியை மதிக்கிறேன். 2022 அக்டோபர் 1 அன்று அவர் இறந்தபோது நம்மவர் குழுக்களில் இந்தச் செய்தி பறந்தது. ஆனால் ஒருவர் கலிமா சொன்னதால் அவர் செய்த தொழில் முழுவதும் ஹலால் ஆகிவிடுமா? 1976 டிசம்பர் 12 அன்று கராச்சியில், மாமல்லர் காமாவின் வம்சத்தைச் சேர்ந்த அக்ரம் பயில்வானோடு அவர் மோதினார். அது பேசி வைத்த ஆட்டமாக இருக்கவில்லை. அக்ரம் பயில்வான் விட்டுக்கொடுக்க மறுத்தார். இனோக்கி கையைத் திருகி முறித்தார். அதே ஆண்டு ஜூன் 26 அன்று டோக்கியோவில் நம் முஹம்மது அலீயோடு மோதி, 15 சுற்றுகளில் பெரும்பாலும் தரையில் கிடந்தபடியே கால்களை உதைத்து, அலீயை மருத்துவமனைக்கு அனுப்பியவரும் அவரே. 1979இல் லாகூரில் ஜாரா பயில்வானோடு மோதியபின் அந்த இளைஞரின் கையைத் தாமே உயர்த்திப் பிடித்து அவருடைய மேன்மையை ஒப்புக்கொண்டார். பிள்ளைகளுக்கு இனோக்கியைப் பற்றிச் சொல்ல விரும்பினால் இந்தக் கடைசிச் செய்தியைச் சொல்லுங்கள்.

இரசிகரின் நாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹனா கிமுரா என்ற 22 வயது மல்யுத்த வீராங்கனை, ஒரு தொலைக்காட்சித் தொடரில் தோன்றியபின் முகம் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிக் குவித்த வசைகளுக்கு ஆளானார். 2020 மே மாதம் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் 2022இல் ஜப்பான் அவமதிப்புக்கான தண்டனையைக் கடுமையாக்கியது. நம் பிள்ளைகள் தமக்குப் பிடிக்காத மல்லரைப் பற்றி எழுதும் சொற்களை ஒருநாள் கைப்பேசியை வாங்கிப் படித்துப் பாருங்கள். வீட்டில் அந்த மொழி யாரும் பேசுவதில்லை. எங்கிருந்து கற்றார்கள் என்று வியப்பீர்கள்.

இனி நம்மூருக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை மாடியில் இரண்டு பாய்களை விரித்துத் தன் தம்பியைத் தூக்கிப் பின்புறமாகப் போட்டான். தம்பிக்குக் காறை எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கைத்தொட்டில். சிரித்துக்கொண்டே செய்தார்கள் இருவரும். அத்தா சவூதியில், செய்தி கேட்டு அங்கிருந்தே பெரியவனைத் தொலைபேசியில் திட்டினார். என்ன சொல்லித் திட்டினார்? ‘அது எல்லாம் பொய்யென்று எத்தனை முறை சொன்னேன்!’ பொய்யென்று சொன்னதால்தான் ஐயா, பாயில் போட்டால் ஒன்றும் ஆகாது என்று அவன் நினைத்தான். அது மெய், அந்த மெய்யில் ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் தம்பியைத் தூக்கியிருக்க மாட்டான்.

ஆகவே அத்தாமார்களிடம் என் வேண்டுகோள் இது: கைப்பேசியைப் பிடுங்கும் முன் ஒரு போட்டியைப் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். இவர் எப்படி விழுகிறார், தலை எங்கே படுகிறது என்று அவனிடமே கேளுங்கள். மிசாவாவின் பெயரை அவன் அறிவான். எப்படி இறந்தார் என்பதை நீங்கள் கேளுங்கள். அவனே சொல்லட்டும். பிறகு உங்கள் பேச்சைத் தொடங்கினால் அவன் காது கொடுப்பான். சிலம்பமோ, நீச்சலோ, முறையான மற்போர்ப் பயிற்சியோ அவனுக்குக் கிடைக்க வழி செய்தால் இன்னும் நல்லது. வலிமையான முஃமின் அல்லாஹ்வுக்கு உவப்பானவர் என்ற ஹதீஸை நாம் மேடையில் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. இதை நான் மக்தபில் பேசியபோது ஒரு பிள்ளை எழுந்து, ‘அப்படியானால் ஜல்லிக்கட்டு பார்க்க எங்கள் அத்தா போகிறார்களே, அது?’ என்று கேட்டான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. தமிழகத்தில் மிக அதிகமாக ஜல்லிக்கட்டு நடப்பது நம் மாவட்டத்தில்தான். ஆண்டின் முதல் வாடிவாசல் திறப்பதும் நம் தச்சங்குறிச்சியில்தான். 2019 ஜனவரி 20 அன்று விராலிமலையில் 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்றார்கள். அன்று மாடு முட்டி இருவர் இறந்தார்கள். சாதனை எண்ணிக்கையை நாம் நினைவில் வைத்திருக்கிறோம்; இறந்த இருவரின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விடுமுறையில் ஊருக்கு வந்து, தடுப்புக் கம்பில் ஏறி நின்று கைதட்டிவிட்டு வரும் அத்தாவுக்கு, ஜப்பான் மல்லருக்குக் கைதட்டும் மகனைப் பார்த்துச் சொல்ல என்ன இருக்கிறது? காளையை அடக்குபவர் தேர்ந்தவரா, அவர் தப்பிவிடுவார் என்பது மிகைத்த எதிர்பார்ப்பா, தடுப்புக்கு வெளியே நிற்பவருக்குப் பாதுகாப்பு உண்டா, மாட்டுக்கு வதை இல்லையா என்று அதே தராசில்தான் இதையும் நிறுக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். உச்ச நீதிமன்றம் 2023இல் அனுமதித்துவிட்டது என்பது நீதிமன்றத்தில் சொல்லும் பதில். மகனிடம் சொல்ல அது போதாது. அத்தாவிடம் போய்க் கேள் என்று அவனை அனுப்பியிருக்கிறேன். கேட்டு வந்தால் உரிய பதிலைச் சொல்லி அனுப்புங்கள்.